கணக்கு வாசிக்கத் தெரியாத கருத்தரங்குகள்

போரில் பிழைத்த குடும்பத்தின் கதையைச் சொல்லும் ஒரு கிராஃபிக் நாவல் பாடத்திட்டத்துக்குள் நுழைந்த பிறகு அதற்கு நேர்வது என்ன என்பதை இலக்கியத் துறையில் இரண்டு பருவங்கள் உட்கார்ந்திருந்த எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதல் வகுப்பில் ‘மனவடு’ என்ற சொல் பலகையில் எழுதப்படும். அடுத்த வகுப்பில் ‘சாட்சியம்’. அதற்கடுத்த வகுப்பில், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஓவியர் விட்டிருக்கும் வெள்ளை இடைவெளி ‘சொல்லவியலாமை’யின் வடிவம் என்று தீர்ப்பெழுதப்படும். அதன்பின் நூலைத் திறக்க வேண்டிய தேவை எவருக்கும் இருப்பதில்லை. பருவ இறுதிக் கட்டுரைகளில் தலைப்பை மட்டும் மாற்றினால் ஹிரோஷிமாவும் தெஹ்ரானும் காஸாவும் காஷ்மீரும் ஒரே கட்டுரைக்குள் அடங்கிவிடும்.

மும்பையில் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு விபரீதமும் சேர்ந்துகொள்கிறது. இங்கே வகுப்பறைக்கு வரும் தமிழ் மாணவர்கள் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் வருகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், கட்டுரையில் ஆங்கிலம். அவர்கள் முன் ‘வன்னி’ என்ற நூல் வைக்கப்படும்போது, அதில் ஓடிக்கொண்டிருக்கும் மனிதர்கள் பேசும் மொழியே தங்கள் வீட்டு மொழியும் என்பதை மறந்துவிடும்படிதான் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தொலைதூரத் துயரம் ஒன்றைக் கோட்பாட்டின் கண்ணாடி வழியே பார்ப்பதே ஆய்வு என்று சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே போலக் வரைய, 2019இல் வெளிவந்த நூல் ‘வன்னி’. சுனாமியில் தொடங்கி, முகாம் மாற்றி முகாம், ஊர் மாற்றி ஊர் என்று பெயர்ந்துகொண்டே இருக்கும் ராமச்சந்திரன் குடும்பத்தின் கதை. குடும்பம் கற்பனை. ஆனால் அகதிகளின் நேர்காணல்களும் அதிகாரபூர்வ அறிக்கைகளும் டிக்ஸின் சொந்த அனுபவமும் அதன் எலும்புகள். ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்த டிக்ஸ், 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது தாமும் வெளியேறியவர். அப்போது அலுவலக வாசலில் திரண்டு, போகாதீர்கள் என்று மன்றாடிய மக்களைப் பற்றி ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்தில் அவர் பேசியிருக்கிறார். நூலை வாசிக்கும் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது. கருத்தரங்குகளில் அடிக்குறிப்புக்குப் போய்விடும் செய்தியும் இதுவே.

நூலை அறிமுகப்படுத்தும் எவரும் தவறாமல் சொல்லும் ஒப்பீடு ஒன்றிருக்கிறது: ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’. பதிப்பாளர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை, அது விற்பனை. ஆய்வாளர்கள் அதையே திருப்பிச் சொல்வதுதான் சிக்கல், ஏனென்றால் அவர்கள் ‘மௌஸை’யும் சரியாக வாசித்திருப்பதாகத் தெரியவில்லை. 1986இலும் 1991இலும் இரு பாகங்களாக வந்து, 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற அந்நூலைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. எலி, பூனை உருவகத்தைப் பற்றியும், அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் வடுவைப் பற்றியும் எழுதாதவர் இல்லை. நூலில் விளாடெக் என்ற தந்தை பக்கத்துக்குப் பக்கம் செய்துகொண்டிருப்பது என்னவோ வேறு. அவர் கணக்குப் பார்க்கிறார். கிடைத்த ரொட்டியில் பாதியை நாளைக்கு என்று எடுத்துவைக்கிறார். செருப்புத் தைக்கத் தெரியும் என்று சொல்லி ஒரு வேலையைப் பிடிக்கிறார், ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஒரு காப்போவின் தயவைப் பெறுகிறார். பேன் இல்லாத சட்டையைக் காட்டினால்தான் சூப் கிடைக்கும் என்ற நிலையில், இரண்டாவதாக ஒரு சட்டையைச் சம்பாதித்து, துவைத்து, காகிதத்தில் சுற்றி, சோதனை நேரத்துக்கென்று பத்திரப்படுத்துகிறார். ஸ்பீகல்மன் பதுங்கறையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை விளக்கக் குறிப்புகளோடு வரைந்து காட்டுகிறார், பூட்ஸைச் செப்பனிடும் முறையைப் படம்போட்டு விளக்குகிறார். உணர்ச்சியின் உச்சத்தில் ஓர் ஓவியர் ஏன் பொறியாளரின் வரைபடத்தை வரைய வேண்டும்? பிழைத்தல் என்பது ஒரு தொழில்நுட்பம் என்பதை அவர் தம் தந்தையிடமிருந்து கேட்டு அறிந்திருந்தார்.

அதே தந்தை நியூயார்க்கில் குப்பையில் கிடக்கும் தொலைபேசிக் கம்பியைப் பொறுக்குகிறார், பாதி தின்ற தானியப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறார், மகனை வெட்கத்தில் ஆழ்த்துகிறார். கறுப்பினத்தவர் ஒருவரைக் காரில் ஏற்றியதற்காக மருமகளிடம் அருவருப்பான சொற்களைப் பேசுகிறார். பிழைத்தவர் புனிதர் ஆகிவிடவில்லை. அவரிடம் இருப்பது ஒரு பெரிய, கசப்பான, சில வேளை அசிங்கமான திறமை. மனவடு என்ற ஒற்றைச் சொல்லால் இதை மூடிவிடும் வாசிப்பு, விளாடெக்கின் கஞ்சத்தனத்தை நோய்க்குறியாக்கிவிடுகிறது. அவர் செய்த கணக்கு எப்போது சரியாக இருந்தது, எப்போது தப்பிற்று, எந்தக் கணக்கில் மூத்த மகன் ரிஷ்யூ பலியானான் என்ற கேள்விகள் எழாமலே போகின்றன. பாதுகாப்பு என்று நம்பி அத்தையோடு அனுப்பிய குழந்தை அவன். வதைமுகாமுக்குப் பிடித்துச் செல்ல வந்தபோது அந்த அத்தை குழந்தைகளுக்கு விஷம் கொடுத்துத் தானும் இறந்தாள். இதைக் கணக்கின் தோல்வி என்றுதான் அழைக்க முடியும், அதனால்தான் அது தாங்கவியலாததாக இருக்கிறது.

‘வன்னி’க்கு வருவோம். 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை அந்த மண்ணில் நடந்ததைச் சாட்சியங்களின் வழி அறிந்தவர்களுக்கு, அக்குடும்பத்தின் ஒவ்வொரு இடப்பெயர்வும் ஒரு கழித்தல் கணக்கு என்பது தெரியும். தொடக்கத்தில் வீட்டின் கூரைத் தகரத்தையும் கதவையும் நிலையையும்கூடப் பெயர்த்து உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதை இறக்குவது என்ற கேள்வி. தகரம் போயிற்று, பாத்திரம் போயிற்று, தாலிக்கொடி அரிசியாயிற்று. பட்டுச் சேலைகளைத் தைத்து மணல் மூட்டையாக்கிப் பங்கரைச் சுற்றி அடுக்கினார்கள். ஒரு சேலையில் எத்தனை மூட்டை தைக்கலாம், எத்தனை அடுக்கு மூட்டை சிதறுதுண்டைத் தாங்கும், ஈர மண்ணில் எவ்வளவு ஆழம் தோண்டினால் நீர் ஊறும், எவ்வளவு தோண்டாவிட்டால் உயிர் போகும் என்பவை எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவு. பெரும்பாலும் பெண்கள் கையாண்ட அறிவு. கல்யாணச் சேலை மணல் மூட்டையான படத்தைக் கண்டதும் ‘இழப்பின் படிமம்’ என்று எழுதிவிட்டு நகரும் ஆய்வாளர், அந்தச் சேலையைக் கிழித்தவளின் கணக்கைத் தவறவிடுகிறார்.

வெள்ளை இடைவெளிக்கும் இதே கதிதான். இரண்டு கட்டங்களுக்கு நடுவே வாசகரின் மனம் செய்யும் இட்டுநிரப்பலைப் பற்றி ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் எழுதிய பின், அந்த இடைவெளி கோட்பாட்டாளர்களின் விருப்பமான இருப்பிடமாகிவிட்டது. (சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை இதை எந்தக் கோட்பாடும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. படக்கதை என்றால் சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்று அன்று முகம் சுளித்த துறைகள்தாம் இன்று அதற்குத் தாள்கள் வாசிக்கின்றன.) ‘வன்னி’யின் இடைவெளிகளில் இருப்பது மௌனம் என்று சொல்பவர் அங்கே நடந்ததை விசாரிக்கவில்லை. அந்த இடைவெளிகளில் இருப்பது நடை, வரிசை, காத்திருப்பு. கஞ்சிக்கு நின்ற வரிசை. குடிநீருக்கு நின்ற வரிசை. ஷெல் விழுந்த பின் ஆட்களை எண்ணிப் பார்த்தல். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஈழத்திலும் தமிழர் வாழும் நாடுகளிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வழங்குகிறார்கள் என்றால், சொல்லவியலாத ஒன்றை நினைவுகூர்வதற்காக அல்ல. அரிசி இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று சொல்லக்கூடிய ஒன்றையே அவர்கள் மறக்க மறுக்கிறார்கள்.

கணக்கை வாசிக்க மறுப்பதன் அரசியல் விளைவு இங்கேதான் தொடங்குகிறது. வன்னியில் குடும்பங்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அரசும் எண்ணியது, ஐ.நா.வும் எண்ணியது. போர் வளையத்துக்குள் இருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று 2009 பிப்ரவரியில் இலங்கை அரசு சொன்னது. இறுதியில் ஏறக்குறைய 2,90,000 பேர் வெளியே வந்தார்கள். 70,000 பேருக்கு என்று கணக்கிட்டு அனுப்பும் உணவும் மருந்தும் யாருடைய உயிரைத் தின்னும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஜனவரி 21ஆம் தேதி அறிவிக்கப்பட்ட முதல் ‘பாதுகாப்பு வலயம்’ ஏறக்குறைய 35 சதுரக் கிலோமீட்டர். பிப்ரவரி 12ஆம் தேதி அறிவிக்கப்பட்ட இரண்டாவது, கடலோரத்தில் சுமார் 14. மே 8இல் மூன்றாவது, அதனினும் மிகச் சிறியது. மூன்றுக்குள்ளும் ஷெல் விழுந்தது. கொழும்பிலிருந்த ஐ.நா. குழு 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கு வைத்திருந்தது, அதை உரிய வேளையில் உலகுக்கு வெளியிடவில்லை. 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடு 2011இல் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் வந்தது. ஐ.நா.வின் தோல்வியை ஐ.நா.வே ஒப்புக்கொண்ட சார்லஸ் பெட்ரியின் உள்ளக ஆய்வறிக்கை 2012 நவம்பரில் வந்தது.

இவற்றை மேசையில் வைத்துக்கொண்டு வாசித்தால் ‘வன்னி’ வேறொரு நூலாகிறது. எண்ணத் தெரிந்த ஒரு நிறுவனம் எண்ணிக்கையை மறைத்துவிட்டு வெளியேறியது. அந்த நிறுவனத்தின் பணியாளர் ஒருவர், பத்தாண்டுக்குப் பின், எண்ணப்படாதவர்களை ஒவ்வொருவராக வரையச் செய்கிறார். நூலின் அறவியல் கனம் அங்கே இருக்கிறது, அதன் சங்கடமும் அங்கேயே. வெளியேறியவரின் குற்றவுணர்வுக்கும் தங்கியவரின் கதைக்கும் நடுவே எது எதை வழிநடத்துகிறது? குடும்பத்தின் துயரத்தில் வாசகரைக் கரையச் செய்யும் போதனாமுறை இக்கேள்வியைக் கேட்காது. கேட்டால் ஐ.நா.வைக் கேட்க வேண்டும், இந்திய அரசின் பங்கையும் கேட்க வேண்டும், மும்பை வகுப்பறையில் அது அவ்வளவு சௌகரியமான உரையாடலாக இருக்காது. அழுதுவிட்டு எழுந்துபோவது எல்லோருக்கும் எளிது.

எதிர்த்திசையிலிருந்து வரும் வாசிப்பும் இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. தமிழ்த் தேசிய உணர்வோடு இந்நூலை அணுகுவோருக்கு ஷெல் வேண்டும், ராணுவம் வேண்டும். ‘வீட்டுக்கொருவர்’ என்ற கட்டாய ஆட்சேர்ப்பு வந்த பக்கங்களில் அவர்கள் விரல் வேகமாகப் புரட்டுகிறது. பிள்ளையைக் குழிக்குள் ஒளித்த தாய், இயக்கம் பிடித்துப்போகாமலிருக்கப் பதினாறு வயது மகளுக்கு அவசரமாகத் தாலி கட்டிவைத்த தந்தை, தப்பிப் போக முயன்றவர்கள்மீது விடுதலைப் புலிகள் சுட்டது என்ற எல்லாம் மனித உரிமை அறிக்கைகளிலும் நிபுணர் குழு அறிக்கையிலும் இருக்கின்றன. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’, சயந்தனின் ‘ஆதிரை’, தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ ஆகியவற்றைப் படித்தவர்களுக்கு இவை புதியவையும் அல்ல. இயக்கத்துக்குள் இருந்தே எழுதவந்தவர்களின் பக்கங்கள் அவற்றில் உண்டு. இது ‘வேறு யாருடையதோ போர்’, நடுவில் அகப்பட்ட அப்பாவிக் குடும்பம் என்ற சட்டகமும் அதனால்தான் போதாது. பிடித்துக்கொண்டு போனவனும் பிடிக்கப்பட்டவளும் சில வேளை ஒரே வீட்டிலிருந்து வந்தார்கள். ஒரு பிள்ளை இயக்கத்தில், ஒரு பிள்ளை பதுங்கறையில், ஒரு பிள்ளை வெளிநாட்டில் என்ற கணக்கை எத்தனை வன்னிக் குடும்பங்கள் போட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் அரசியல் நிலைப்பாடும் உண்டு, பேரமும் உண்டு, துரோகமும் உண்டு. அப்பாவித்தனம் என்ற பட்டத்தை அவர்கள் கேட்கவில்லை.

மேலே சொன்ன தமிழ் நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ‘வன்னி’யைப் பற்றி ஆய்வேடு எழுதும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதும் வியப்புக்குரியது. ஆங்கில நூலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஆங்கில மேற்கோள்களே போதும் என்ற நம்பிக்கை அது. ஒரு சிறு பயிற்சி பலவற்றை வெளிக்கொணரும். நூலின் ஒரு பக்கத்தை எடுத்து, அதன் பேச்சுக்குமிழ்களில் உள்ள ஆங்கிலத்தை அந்த மனிதர்கள் பேசியிருக்கக்கூடிய தமிழுக்கு மாணவர்கள் மாற்றிப் பார்க்கட்டும். ‘அங்கிள்’ என்ற ஒரு சொல்லில் முதல் தடை விழும். அவர் சித்தப்பாவா, பெரியப்பாவா, மாமாவா? பங்கருக்குள் யாருக்கு முதலில் இடம், யாருடைய குழந்தையை யார் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், யார் வீட்டில் போய் நிற்க உரிமை உண்டு என்பதெல்லாம் அந்தச் சொல்லைப் பொறுத்தது. அம்மம்மாவா அப்பம்மாவா என்பது தெரியாமல் ஒரு வன்னிக் குடும்பத்தின் ஆள் கணக்கையே போட முடியாது. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்ற ஆங்கிலக் குடும்பச் சட்டத்துக்குள் கதை எவ்வளவு அடங்கியிருக்கிறது, எவ்வளவு பிதுங்குகிறது என்பதை அப்போது பார்க்கலாம். தாராவியிலிருந்து வரும் மாணவிக்கு இந்தப் பயிற்சியில் எந்தப் பேராசிரியரும் கற்றுத்தர வேண்டியது ஒன்றுமில்லை. அவளுக்குத்தான் சொல்ல இருக்கும்.

ஆனால் அவள் சொல்வதற்குத் துறையில் இடமில்லை. இலக்கியத் துறைக்கும் சமூக அறிவியல் துறைக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது, அதன் ஒரு பக்கத்தில் ‘பிரதி’, மறுபக்கத்தில் ‘களத் தரவு’. ‘வன்னி’ எதனால் ஆனது? நேர்காணல்களால். அகதிகள் சொன்னதை ஒருவர் கேட்டு, குறித்து, தொகுத்து, இன்னொருவர் வரைந்தது. அச்சடித்து அட்டை போட்ட பின் அது பிரதி ஆகிவிடுகிறது, அதற்கு ஆழ்ந்த வாசிப்பு கிடைக்கிறது. தாராவியில் ஒரு தாய் 1992 டிசம்பரையும் 1993 ஜனவரியையும் பற்றிச் சொன்னால் அது தரவு. அதைக் குறியீட்டெண் போட்டு அட்டவணைக்குள் அடைப்பார்கள். அவள் சொல்லும் முறைக்கு, அவள் எதை முதலில் சொல்கிறாள், எந்த இடத்தில் எண்ணிக்கை சொல்கிறாள், எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறாள் என்பதற்கு எந்த வாசிப்பும் கிடையாது. நூலுக்குள் இருக்கும் தாய் கதாபாத்திரம், சந்துக்குள் இருக்கும் தாய் தகவலாளி.

முள்ளிவாய்க்காலும் தாராவியும் ஒன்றல்ல. அளவிலும் இயல்பிலும் ஒன்றல்ல, ஒன்றாக்கிப் பேசுவது இரண்டுக்கும் அநியாயம். ஒரு பக்கம் ராணுவ முற்றுகை, மறுபக்கம் நகரக் கலவரம். என்றாலும் 1992 டிசம்பர் 6ஆம் தேதியே தாராவியில் நடந்த சைக்கிள் பேரணியை ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் குறிப்பிடுகிறது. இரண்டு கட்ட வன்முறையில் நகரம் முழுவதும் 900 பேர் இறந்ததாக 1998இல் வெளியான அதன் அறிக்கை சொல்கிறது, அதில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் உள்ள பகுதி அது. தமிழ் பேசும் இந்துவும் தமிழ் பேசும் முஸ்லிமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சந்துகள் அங்கே உண்டு. ஊரடங்கில் அரிசி எத்தனை நாளைக்கு வரும், எந்த வீட்டில் யாரை ஒளிப்பது, பிள்ளைகளோடு ஊருக்கு ரயிலேறுவதா இருந்து பார்ப்பதா என்ற கணக்குகளை அந்தச் சந்துகள் போட்டன. எல்லோரும் நல்லவர்களாகவும் இருக்கவில்லை. அடித்தவர்களிலும் தமிழர் இருந்தார்கள், அடைக்கலம் கொடுத்தவர்களிலும் இருந்தார்கள். இதையெல்லாம் பற்றிய தமிழ்ப் பொதுநினைவு 1995இல் வந்த ஒரு திரைப்படத்தோடும் அதன் பாடல்களோடும் பெரும்பாலும் நின்றுவிட்டது.

அதற்கும் முன்பே இந்நகரத் தமிழர்களுக்கு ஓடவும் ஒளியவும் தெரிந்திருந்தது. 1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர்களுக்கு எதிரான இயக்கத்தை நடத்திய காலத்தில், கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றுவதா வேண்டாமா என்பதும் ஒரு குடும்பக் கணக்கே. மாட்டுங்காவின் நினைவில் அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு சிரமமான பருவம், கடந்துபோன ஒன்று. 1932இலேயே தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தொடங்கிவிட்ட, கல்லூரியும் கோயிலும் சபாவும் வைத்திருக்கும் பகுதிக்கு நினைவை நிறுவனங்களில் சேமித்துவைக்க முடிந்தது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே மத்திய ரயில்வேயின் தண்டவாளங்கள்தாம் ஓடுகின்றன. அந்தப் பக்கத்துத் தமிழருக்கு நூற்றாண்டு மலர் உண்டு, இந்தப் பக்கத்துத் தமிழருக்குக் கணக்கெடுப்புப் படிவம் உண்டு. சாதி இதில் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதை ‘மும்பைத் தமிழர் வரலாறு’ எழுதுவோர் இன்னும் நேராகச் சொல்லவில்லை. செம்பூரிலோ, பிரிவினைக்குப் பின் வந்த சிந்தி அகதிகளைக் குடியேற்றிய இடம் இன்றும் செம்பூர் கேம்ப் என்றே அழைக்கப்படுகிறது. பிரிவினையின் வாய்மொழி வரலாற்றுக்கு இன்று அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் வரைகதைத் தொகுப்பும் வந்துவிட்டன, வந்திருக்க வேண்டியவையே. வகுப்பறைக்கு வரும் வழியில் ஒரு அகதி முகாமின் பெயரைத் தாங்கிய பேருந்து நிறுத்தத்தைக் கடந்து வந்து, ‘அகதிமை’ பற்றி அகம்பனை மேற்கோள் காட்டும் மாணவரை யார் குறை சொல்வது? அவருக்கு அப்படித்தான் கற்பிக்கப்பட்டது.

தாராவியில் இப்போது நடந்துகொண்டிருப்பதும் கணக்கெடுப்பே. மறுமேம்பாட்டுத் திட்டத்தில் தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெற, 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று வேண்டும். பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதற்குள் ரேஷன் அட்டை, பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலின் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். மழையில் நனையாத உயரத்தில், ஆனால் அவசரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அதை வைத்திருப்பார்கள். வன்னியில் நந்திக்கடல் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவர்கள் தலைக்குமேல் பிடித்திருந்த பையிலும் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் நிலப் பத்திரமும் இருந்தன. கூரை போய், பாத்திரம் போய், தாலிக்கொடியும் போன பின் கடைசிவரை கழிக்கப்படாத இனம் அது. தான் இருந்ததற்கான சாட்சியைத் தானே சுமந்து வந்தால்தான் எண்ணப்படுவோம் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. எண்ண வேண்டியவர்கள் எண்ணாத வரலாற்றிலிருந்து வந்த அறிவு அது.

ஆகவே இந்நூலை அடுத்த பருவத்தில் பாடமாக வைக்கப்போகும் ஆசிரியர் முதல் வகுப்பில் பலகையில் எந்தச் சொல்லையும் எழுத வேண்டாம். நிபுணர் குழு அறிக்கையின் எண்களையும், ‘ஊழிக்கால’த்தின் சில அத்தியாயங்களையும், ‘மௌஸி’ல் அந்தப் பதுங்கறையின் வரைபடம் வரும் பக்கத்தையும் மேசையில் வைக்கலாம். பிறகு தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்திருக்கும் மாணவர்களிடம், இன்றிரவு வீட்டைவிட்டு ஓட நேர்ந்தால் உங்கள் அம்மா முதலில் எடுக்கும் பை எது, அதற்குள் என்ன இருக்கிறது, அதை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கலாம். பதில்களைத் தமிழிலேயே எழுதச் சொல்லலாம். அதன் பின் நூலைத் திறக்கட்டும்.